கால் அறிந்த மலை

அரபு மொழியில் பயணத்துக்கு 'ஸஃபர்' என்று பெயர். அச்சொல்லின் வேரை ஆராய்ந்த மொழியறிஞர்கள், திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள்கள் அதனுள் உறைவதை எடுத்துக் காட்டுவர். வைகறை இருள் கரைந்து பொருள்கள் உருத்தெரியும் பொழுதை 'இஸ்ஃபார்' என்பதும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. மனித இயல்பை மூடியிருக்கும் திரையை விலக்கிக் காட்டுவதனாலேயே பயணத்துக்கு அப்பெயர் அமைந்தது என்னும் விளக்கத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் எடுத்தாள்கிறார்கள். கலீபா உமர் (ரலி) அவர்களின் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரைப் புகழ்ந்து சான்று கூற வந்தபோது, நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தவரா, அவரோடு பயணம் போனவரா என்று அவர்கள் வினவியதும், மூன்றுக்கும் இல்லையென்று விடை வந்தபோது, அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர் என்று கூறியதும் நம் மதரஸாக்களில் வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தி.

மனிதருக்குச் சொன்ன இவ்வளவுகோல் மண்ணுக்கும் பொருந்தும் என்பது நமது எண்ணம். ஓர் ஊரில் பிறந்து, வளர்ந்து, வீடு கட்டி, பிள்ளைகளுக்கு நிக்காஹ் முடித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட ஒருவரிடம், உம் ஊர் எல்லையில் நிற்கும் மலையில் எப்போதேனும் கால் வைத்ததுண்டா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லையென்றே விடை வரும். அப்படியானால் அவர் தம் ஊரை இன்னும் அறியவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

நாம் குடியிருப்பது மதுரைக் கே.கே. நகரில். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும், வண்டியூர்க் கண்மாயும், நீதிமன்றங்களும், மருத்துவமனைகளும் சூழ்ந்து இரைச்சல் ஓயாத பகுதி இது. ஆயினும் ஸுபுஹுத் தொழுகை முடித்து மாடியில் ஏறி வடகிழக்கே நோக்கினால், துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் களிறு போல யானைமலை தெரியும். சில கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. ஒத்தக்கடையைக் கடந்து பேருந்தில் போகிறவர் எல்லாரும் அதைப் பார்க்கின்றனர். ஏறிப் போனவர் சிலரே.

நடை பிறந்த கதை

2010-ஆம் ஆண்டை ஒட்டி அந்த யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் அவர்கள் அம்மலையைப் பற்றிக் கட்டுரை எழுத, அதைப் படித்த அன்பர்கள் தங்களையும் அங்கே அழைத்துச் செல்லுமாறு வேண்ட, அவ்வேண்டுகோளிலிருந்து பிறந்ததே 'பசுமை நடை' என்னும் இயக்கம். மாதந்தோறும் ஒரு ஞாயிறு விடியலில், மதுரையைச் சூழ்ந்த மலை ஒன்றுக்கோ பழம்பெரும் ஊர் ஒன்றுக்கோ கூடி நடப்பது அவர்களது வழக்கம். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் அவர்களைப் போன்ற துறைவல்லார் பாறையடியில் நின்று கல்வெட்டைப் படித்துப் பொருள் கூறுவர். பிறகு மரத்தடியில் எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து காலை உணவு உண்டு கலைவர். கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் தம் 25-ஆம் நடையை 'விருட்சத் திருவிழா' எனப் பெயரிட்டு அவர்கள் கொண்டாடியதை மதுரை மறக்காது.

நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர், இன்று கல்லூரி ஆசிரியர், நம்மை வற்புறுத்தி அழைத்துச் சென்றார். அதன்பின் யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் முதல் இருநூறு அடிக்கு முணுமுணுக்கும். அப்பால் அவையும் பழகிவிடும். ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பது அங்கே நாம் கற்ற முதற் பாடம். வழுக்குப் பாறையில் முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் கைநீட்டி, "பார்த்து வாங்கய்யா" என்று நிற்பார். தம் குப்பியில் மிஞ்சிய இரண்டு மிடறு நீரைக் களைத்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்குப்பியைப் பையில் வைத்துக்கொள்ளும் அம்மையாரைக் காண்போம். இவர் இன்ன சமயத்தார், இன்ன கட்சியார் என்று அறிவதற்கு முன்பே, இவர் இத்தகைய மனிதர் என்பதை அறிந்துவிடுகிறோம். ஸஃபர் என்னும் சொல்லுக்கு இதைவிட விளக்கவுரை வேண்டுமோ?

புள்ளி இல்லாத எழுத்து

அழகர்மலையின் ஒரு புறத்தில், கிடாரிப்பட்டி என்னும் சிற்றூரை அடுத்து ஒரு குகைத்தளம் உண்டு. சமணத் துறவியர் தங்குவதற்காகப் பாறையில் படுக்கைகள் வெட்டிக் கொடுத்திருக்கின்றனர். ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்துகள் அங்கே உள்ளன. கொடை அளித்தவர் யார் யார் என்பதை அவை சொல்கின்றன. அவர்கள் முடியுடை வேந்தரல்லர். உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன். பணிதம் என்பது சர்க்கரைப் பாகு. கொழு என்பது ஏர் முனையில் பூட்டும் இரும்பு. அறுவை என்பது துணி. கடைத்தெருவே மலையேறி வந்து கையொப்பம் இட்டதுபோல் இருக்கிறது!

அன்று நம்முடன் ஒரு குடும்பம் வந்திருந்தது. நம் மாலை மக்தபில் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, அவளுடைய தாயார், தந்தையார். தந்தையார் விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளர். பெண்பிள்ளையை மலைக்கு அனுப்புவதா என்று தயங்கியவரிடம், "நீங்களும் வாருங்கள் தம்பி, வீட்டாரையும் அழைத்து வாருங்கள்" என்று நாம் சொல்லியிருந்தோம். விளக்கம் கூறிய அன்பர் அறுவை வணிகன் என்பதைப் படித்துப் பொருள் சொன்னபோது, அச்சிறுமி தந்தையின் கையைப் பற்றி இழுத்து, "அத்தா, துணிக்கடைக்காரராம்!" என்றாள். அவர் சிறிது நேரம் அந்த எழுத்தையே நோக்கியிருந்துவிட்டு, நம் பக்கம் திரும்பி, "நம்ம தொழில்காரர்தான் ஹஸ்ரத்" என்றார். ஊரார் வரலாறு என்று எண்ணியிருந்த ஒன்று தம் வரலாறாக மாறிய நொடி அது. அடுத்த மாதம் எந்த மலை என்று அவரே நம்மைக் கேட்டார்.

அரபு எழுத்தோடு வாழ்நாளைக் கழித்துவரும் நமக்கு அக்குகையில் வேறொரு வியப்பும் காத்திருந்தது. தொடக்ககாலத் தமிழி எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. 'க' என்றும் 'க்' என்றும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் இல்லாமல், மொழியறிவைக் கொண்டே படிப்பவர் உய்த்துணர வேண்டும். மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டறிந்த பின்னும் நெடுங்காலம் அது புரியாத புதிராகவே கிடந்தது. இத்தகைய எழுத்துகளுள் இருப்பது தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்செழியன் என்னும் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருந்ததை அதன்பிறகே நாடு அறிந்தது.

பழைய கூஃபி எழுத்தில் எழுதப்பெற்ற குர்ஆன் ஏடுகளைக் கண்டோர்க்கு இது புதிதன்று. அவற்றில் 'பே'க்கும் 'தே'க்கும் வேறுபாடு காட்டும் நுக்தாக்கள் இரா. ஸபரும் ஸேரும் இரா. ஓதத் தெரிந்தவனே ஓத இயலும். பின்வந்தோர் பிழைபட ஓதிவிடாதிருக்க, ஹிஜ்ரி 69-இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிர்க்குறிகளுக்கு வழிவகுத்தார்கள் என்று இலக்கண நூலார் கூறுவர். தமிழும் தன் வழியில் மெய்யின் தலையில் புள்ளி வைத்துக்கொண்டது. வெவ்வேறு திசையில் வளர்ந்த இரு மொழிகள் ஒரே இடுக்கணுக்கு ஒரே வகை மருந்தைக் கண்டன. இதனை நாம் நூலில் படித்திருக்கலாம். ஆனால் பாறையில் விரல்தொடும் தொலைவில் நின்று காணும்போது உண்டாகும் தெளிவு வேறு.

ஒரு வினாவும் ஒரு பேரறிஞரும்

நம் பெருமக்களிடையே ஒரு வினா எழுவதுண்டு. இம்மலைகளில் தீர்த்தங்கரர் உருவங்களும் குடைவரைக் கோயில்களும் உள்ளனவே, தொழுகையாளிகளுக்கு அங்கே என்ன வேலை என்பர். வினா எழுவது தவறன்று. விடையை நம் முன்னோரிடமே கேட்போம்.

பக்தாதில் 1162-இல் பிறந்து 1231-இல் மறைந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ என்னும் பேரறிஞர் மருத்துவர். ஹதீஸும் இலக்கணமும் கற்றவர். எகிப்துக்குச் சென்ற அவர் அங்கிருந்த பிரமிடுகளையும், பாறையில் வடித்த பேருருவையும், பழங்கோயில்களின் இடிபாடுகளையும் அளந்து பார்த்து, வியந்து, 'அல்இஃபாதா வல்இஃதிபார்' என்னும் நூலில் எழுதிவைத்தார். உருவ அமைப்பின் அளவு பிசகாத நேர்த்தியை அவர் பாராட்டினார். அதனால் அவருடைய ஈமானுக்கு இழுக்கு வந்ததாக எவரும் சொன்னதில்லை. பழஞ்சின்னங்கள் காலக் கணக்குக்குச் சான்று, முன்னோர் நிலைக்குச் சான்று, அவற்றைக் காத்த அரசர் அறிவுடையோர் என்பது அவர் கருத்து. புதையலுக்காக அவற்றை உடைப்போரை அவர் கடிந்தார்.

அவர் கூறும் ஒரு செய்தியை நாம் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. சுல்தான் ஸலாஹுத்தீனின் மைந்தர் அல்மலிக்குல் அஸீஸ், அறிவிலார் சிலர் பேச்சைக் கேட்டு, மூன்று பிரமிடுகளுள் சிறியதை இடிக்க ஆணையிட்டார். படையும் பணியாளரும் எட்டு மாதம் பாடுபட்டனர். ஒரு நாளைக்கு ஒரு கல், மிஞ்சினால் இரண்டு கல். செலவும் களைப்பும் மிகவே கைவிட்டனர். ஒரு பக்கத்தில் வடு மட்டும் எஞ்சியது. பெயர்த்த கற்களுள் ஒன்றையேனும் ஆயிரம் தீனார் கொடுத்தால் மீண்டும் அதன் இடத்தில் வைத்துவிடுவீர்களா என்று பக்தாதீ பணித்தலைவரைக் கேட்டார். அதைப்போல் பன்மடங்கு கொடுத்தாலும் எங்களால் ஆகாது என்பதே விடை.

அந்த விடையை மதுரை மாவட்டத்து மக்கள் நன்கு அறிவர். கீழவளவில் தமிழி எழுத்தும் சமண உருவங்களும் கொண்ட பஞ்சபாண்டவர் மலைக்குப் போகிறவர்கள், சுற்றுப்புறத்தில் கிரானைட் வெட்டி எடுத்த பள்ளங்களைக் கண்டு திகைப்பர். சதுரம் சதுரமாக அறுத்த கற்கள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். நடுவே கிணறு போலப் பச்சை நீர். இம்மாவட்டக் கிரானைட் முறைகேடுகளை ஆராய உயர்நீதிமன்றம் 2014-இல் உ. சகாயம் அவர்களை அமர்த்தியதும், அவர் 2015-இல் அறிக்கை அளித்ததும் நாடறிந்த செய்தி. வழக்கு எப்படி முடிந்தாலும் வெட்டிய குன்று எழுந்து நிற்கப்போவதில்லை. எட்டு மாதத்தில் அன்று தோற்றுப்போன மனிதன், இன்று எந்திரத்தால் எட்டு நாளில் வென்றுவிடுகிறான். ஆகவே கடிந்துரைக்கும் பக்தாதீக்கள் அன்றைவிட இன்றே மிகுதியாக வேண்டும்.

மலை என்பது நீர்

வெட்டுவோர் கண்ணுக்கு மலை கல்லாகத் தெரிகிறது. அடிவாரத்தில் வாழ்வோருக்கு அது நீர். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிக்குப் போயிருந்தபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நம் தொப்பியைப் பார்த்துவிட்டு, "வாங்க பாய், மொத தடவையா?" என்று கேட்டு, தாமாகவே உடன் வந்தார். பாறையின் சரிவில் ஓடும் மெல்லிய தடங்களைக் கோலால் சுட்டி, மழைநீர் எவ்வழியே இறங்கி எந்தக் கண்மாயில் சேரும், அது நிறைந்தால் எந்தக் கண்மாய்க்கு மறுகால் பாயும் என்று விரல் மடக்கிச் சொன்னார். "இந்தச் சுனை எங்க அப்பாரு காலத்துலயும் வத்துனதில்ல. மலை போச்சுன்னா வயலு எதுக்கு பாய்?" என்றார். நீரியல் கற்றோர் வரைபடம் போட்டு விளக்குவதை அவர் கோல்முனையால் விளக்கினார்.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அத்தகைய தலம் அதுவே முதலாவது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசுக் குறிப்பு அதன் நீர்ச்செல்வத்தைக் கணக்கிட்டது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றுள் அரிய வல்லூறு வகைகள், தேவாங்கு, எறும்புதின்னி எனப் பட்டியல் நீள்கிறது. அதே பாறையில் தமிழி எழுத்தும், தீர்த்தங்கரர் உருவமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ளன.

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அவ்வட்டாரத்தில் நாயக்கர்பட்டித் தொகுதி என்ற பெயரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டது. சட்டமன்றம் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைத் தல்லாகுளம் நோக்கி நடந்தே வந்தனர். அதே மாதம் 23-ஆம் நாள் நடுவண் அரசு அந்த ஏலத்தை நீக்கம் செய்தது.

அன்று வீதியில் வந்தோரில் பெரும்பாலார் உழவர். தம் கண்மாய் எது, மறுகால் எது, சுனை எது என்று காலால் அறிந்தவர்கள். அறிந்ததனாலேயே விட்டுக்கொடுக்க இயலவில்லை. நகரத்தாராகிய நம்மில் எத்தனை பேருக்கு, நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த மலையில் பெய்த மழை என்று தெரியும்? அறியாத ஒன்றை இழக்கும்போது மனிதனுக்கு வலிப்பதில்லை. அந்த வலியின்மைதான் நாம் அஞ்சவேண்டிய நோய்.

பல பெயர் கொண்ட மலை

மலை ஒன்று; அதை நோக்கி வரும் பாதைகள் பல. யானைமலையையே கொள்வோம். 'இவகுன்றம்', அதாவது யானைக்குன்று என்னும் பெயர் அங்குள்ள தமிழிக் கல்வெட்டிலேயே காணப்படுகிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி தொடங்கிய நரசிங்கர் குடைவரை கி.பி. 770-ஐச் சேர்ந்தது. வண்ணப்பூச்சின் எச்சம் இன்றும் தெரியும் சமண உருவங்கள் மேலே இருக்கின்றன. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில், அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் தாயார் குணமதியாரின் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றிருக்கிறது. உலகைத் துறந்தவரின் தாய்க்கும் பாறையில் ஓர் இடம் கிடைத்தது. தாயின் காலடியில் சுவனம் என்று கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, அப்பெயரின் முன் நின்று பொருள் புரிய நெடுநேரம் ஆவதில்லை.

திருப்பரங்குன்றத்தில் அடிவாரத்தே முருகன் குடைவரை. இடையே சமணர் படுக்கைகள். உச்சியிலே சிக்கந்தர் பாதுஷா தர்கா. 2025-ஆம் ஆண்டு முழுவதும் அம்மலையைப் பற்றிய வாதும் வழக்கும் நாளேடுகளை நிறைத்தன. வழக்கு நீதிமன்றத்துக்கு உரியது. நாம் சொல்ல விரும்புவது வேறு. அம்மலையின் படிகளில் நேர்ச்சைக்காக ஏறிய இந்துத் தாய்மாரையும், அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற முஸ்லிம் முதியவரையும் நாம் இளமை முதல் கண்டு வந்திருக்கிறோம். மலையைத் தொலைவிலிருந்து பேசுவோர்க்கு அது ஒரு வழக்காகத் தோன்றும். கூடி ஏறுவோர்க்கு மூச்சு வாங்குவதே முதற் செய்தி, பக்கத்தில் ஏறுபவருக்கும் அப்படியே மூச்சு வாங்குகிறது என்பது இரண்டாவது.

இதற்கு ஒரு பழஞ்சான்றும் உண்டு. பயணிகளின் தலைவரான இப்னு பதூதா 1344-இல் இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலையில் ஏறினார். சைவர் சிவனொளிபாதமலை என்றும், பௌத்தர் சிறீபாதம் என்றும் போற்றும் அதே மலை; உயரம் 2,243 மீட்டர். பாறையில் அடித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறியதையும், அச்சங்கிலிகள் பத்து என்பதையும், பத்தாவதற்குக் கலிமாவின் பெயர் வழங்கியதையும் அவர் குறித்துவைத்தார். அவருடன் ஏறிய கூட்டத்தில் யோகிகளும் பிராமணர்களும் இருந்தனர். அங்கிருந்து கடல் கடந்து வந்து, கப்பல் சேதமுற்று, அவர் சேர்ந்த இடம் மஅபர் சுல்தானின் நாடு; பின்பு நம் மதுரை. கொள்ளை நோய் பரவிய மதுரையை அவர் துயரத்தோடு எழுதியிருக்கிறார். சரந்தீப் மலையை ஏறிய கால்கள் வைகைக் கரையிலும் நடந்தன என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. நாமாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

வழி கூறும் மரபு

மலையேற்றம் மேனாட்டார் கற்றுத்தந்த பொழுதுபோக்கு என்பாரும் உளர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை அவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை அது எவ்வளவு நுணுக்கமாகக் கூறுகிறது! பன்றிக்கு வைத்த பொறியில் சிக்காதீர், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு விலகிப் போங்கள், பாம்பு உறையும் இடம் அறிந்து நடங்கள், பாசி படிந்து வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்னும் கருத்துகள் அதில் அடுக்கடுக்காய் வரும். அந்த ஆற்றுப்படை மரபு நம்மவர் கையிலும் வளர்ந்தது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, புலவர்களை அங்கே ஆற்றுப்படுத்திப் 'புலவராற்றுப்படை' பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் அல்லரோ? முன் சென்றவன் பின் வருவோனுக்கு வழி கூறுவது தமிழின் அறம்.

அந்த அறத்தின்படி நாமும் சில கூறுவோம். மலை விளையாட்டன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம்பருவத்தினர். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாட்டையும் தொடங்கியது. காட்டுக்குள் செல்வதானால் அனுமதியின்றி, வழிகாட்டியின்றி, தீக்காலத்தில் செல்லாதீர்.

மதுரையின் மொட்டைப் பாறைகளுக்கும் தனி முறை உண்டு. விடியற்காலையில் ஏறி, பாறை காய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். மாசி கடந்துவிட்டால் பத்து மணிக்கே கல் அடுப்பாகிவிடும். மழை பெய்த மறுநாள் சரிவில் கால் வைக்கலாகாது. தலைக்குத் துணி, காலுக்குப் பிடிப்புள்ள செருப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் கட்டாயம். குரங்குகள் உள்ள இடத்தில் தின்பண்டத்தைக் கையில் ஏந்திப் போகக்கூடாது. கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்துவிட வேண்டும். எழுத்தும் உருவமும் உள்ள பாறையில் பெயரைச் சுரண்டுவதும், சுண்ணாம்பு தேய்த்துப் படம் எடுப்பதும் பெருங்கேடு. இரண்டாயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அழிக்காததை ஓர் ஆணி அழித்துவிடும்.

பெண்மக்களைப் பற்றி ஒரு சொல். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டும் அழைத்து வரும் குடும்பங்களே நம்மில் மிகுதி. பாதுகாப்பு என்பது காரணமானால், குடும்பத்தோடு வருவதைவிடப் பாதுகாப்பு எது? நாணம் காரணமானால், நூறு பேர் நடுவே கல்வெட்டுக் கேட்க நிற்பதில் நாணத்துக்கு என்ன குறை? முன்பு சொன்ன அச்சிறுமி இன்று தமிழி எழுத்துகளைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவளுடைய தாயார், முதல் நாள் அடிவாரத்திலேயே அமர்ந்துவிட்டவர், இப்போது நமக்கு முன்பே சுனையைச் சேர்ந்துவிடுகிறார். ஒரு வீட்டில் தாய் அறிந்த வரலாறு பிள்ளைகள் அனைவரையும் சேரும். தந்தை மட்டும் அறிந்தது பெரும்பாலும் அவரோடு கடைக்குப் போய்விடும்.

ஜமாஅத் பெருமக்களுக்கும் மக்தப் நடத்துவோருக்கும் நம் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழியிலோ தையிலோ, விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளைப் பெற்றோருடன் அருகிலுள்ள மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்வெட்டறிந்தவர் ஒருவரை உடன் அழையுங்கள். அடிவாரத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் நீர் வழியைக் கேட்டறியச் சொல்லுங்கள். வாடகை வேனுக்கும் காலைச் சிற்றுண்டிக்கும் ஆகும் செலவு, நம் விழாக்களில் பந்தலுக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. மதுரையில் யானைமலை இருப்பதுபோல, நெல்லையிலும் திருச்சியிலும் வேலூரிலும் திண்டுக்கல்லிலும் ஊரருகே குன்று உண்டு. எதுவும் இல்லாத ஊரில் ஏரிக்கரை உண்டு.

பிள்ளைகள் காலால் அறிந்துகொண்ட மலையைப் பின்னாளில் ஒருவர் விலைபேச வந்தால், அது எங்கள் மலை என்று சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.